பெட்டியைத் திறந்து பிள்ளைகளிடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

பிள்ளைகளின் கை போனைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி கடிதம் வருகிறது. திருகோணமலையில் நான் போய்வருகிற சில வீடுகளில், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா அனுப்பிய பிளாஸ்டிக் மொடல் கார்ப் பெட்டி, உறை பிரிக்காமலே ஷோகேஸுக்குள் இருக்கிறது. கேட்டால், "பிள்ளை உடைச்சுப் போடுவான்" என்கிறார்கள். அது துண்டு துண்டாகத்தான் வருகிறது. பிள்ளை பொருத்துவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நான் கராஜில் பெயின்ற் அடித்துச் சீவித்தவன். நானும் பேத்தியும் சேர்ந்து ஜப்பான் தமியா கம்பனியின் 1966ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டில் கார் மொடலைக் கட்டி முடித்திருக்கிறோம். 24இல் ஒரு பங்கு அளவு. உண்மைக் காரில் ஓர் அடி, மொடலில் அரை அங்குலம். நாலு மீற்றர்க் கார் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றரில் அடங்கிவிடும். இந்தக் கணக்கை அவளே போட்டாள். "முன்னுக்குக் காத்துப் போக ஓட்டையே இல்லையே, அம்மப்பா?" என்றும் கேட்டாள். எஞ்சின் பின்னால் இருப்பதையும், அது காற்றாலேயே குளிர்வதால் ரேடியேற்றர் தேவைப்படாததையும் அப்போது விளங்கப்படுத்தினேன்.

மொடலுக்கென்று வரும் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும். பெயின்றோ குரோம் பூச்சோ இருந்தால் பிடிக்காது, சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். கண்ணாடிக்குச் சூப்பர் குளூ கூடாது, அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை போதும்.

பெயின்றுக்கு எங்கள் ஊர்க் காலநிலை தெரிய வேண்டும். மாரியின் ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் வெள்ளை படர்ந்து மங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நன்றாகக் காயும், ஆனால் புழுதி வந்து ஒட்டும். அதனால் காற்று எழும்ப முன்னம், காலையிலேயே, விறாந்தையில், அடுப்புக்கு எட்டத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு அடித்தோம். மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் கதவு விளிம்பின் கோடுகளெல்லாம் மூடிப்போகும்.

பெட்டியின் மேலுள்ள படம் மாதிரியே செய்ய வேண்டும் என்று சட்டமில்லை. பெட்டியில் வந்த இலக்கத் தகட்டை ஒதுக்கிவிட்டு, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலங்கைத் தகடு ஒன்றைக் கடதாசியில் எழுதி ஒட்டினோம். பழைய வயரை உரித்த செப்புக் கம்பியில், கூரையில் சாமான் ஏற்றுகிற ஒரு ஹூட் ராக். நாலடி ராக் என்றால் இரண்டு அங்குலம், சரியாக வந்தது. அதன் மேல் அவள் கடதாசியில் கோடு கீறிச் சுருட்டிய பன்பாய்.

அப்புறம் கறள். கடற்கரைக் காரில் கறள் எங்கே தொடங்கும் என்பது பெயின்றருக்குத் தெரியும். பீட்டிலின் மட்காட் போல்ற் போட்டுப் பூட்டியது. அதற்கும் காரின் உடம்புக்கும் இடையிலுள்ள பீடிங் பட்டியில் ஈரம் நிற்கும். கதவின் அடிவிளிம்பும் அப்படித்தான். ஸ்பொஞ்சில் கபில நிறத்தைத் தொட்டு, கடதாசியில் ஒற்றிவிட்டு, அந்த இடங்களில் மட்டும் லேசாகத் தட்டினோம். கூரை நடுவில் தட்டினால் அது பொய்க் கறள். இதைச் சொன்ன பிறகு அவள் வீதியில் நிற்கிற வாகனங்களையெல்லாம் குனிந்து பார்க்கிறாள். எனக்கு அதில் பெரிய சந்தோசம்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முதல் வாகனங்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஓடிய பாதைப் படகை அடுத்ததாக அட்டையில் செய்து, காரை அதில் ஏற்ற வேண்டுமாம். அவள் அதில் போனதே இல்லை. நான் சொல்லச் சொல்லக் கீறுகிறாள்.

உங்கள் மாணவர் பக்கத்தில் பிள்ளைகள் கட்டிய மொடல்களின் படத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். பெட்டியில் இல்லாத எதைத் தாங்களாகச் சேர்த்தார்கள் என்று அவர்களே நாலு வரி எழுதட்டும். பெற்றோர் ஒட்டிக் கொடுத்தவற்றைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனப் பெயின்றர்,
உப்புவெளி, திருகோணமலை.