அடிப்பக்கத்தையும் செதுக்கித் தந்தவருக்கு

அன்புள்ள பங்கு மக்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும்,

நேற்றுக் கல்லறைத் திருநாளில் அம்மாவின் கல்லறையிலும் மெழுகுதிரி ஏற்றிவிட்டோம். கல்லும் மந்திரித்து ஆசீர்வதித்தாயிற்று. இதை எழுத முடிகிறதே என்று கை இன்னும் நடுங்குகிறது. போன வாரம் நாங்கள் பட்ட பாடு உங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து தப்பாக வெட்டிய கல்லறைக் கல் வந்து இறங்கிய அன்று, அப்பா ஒரு வார்த்தை பேசாமல் செமித்தேரி (கல்லறைத் தோட்டம்) மதிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்காதவர்கள் குறைவு. அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. கல் வெட்டிய கடையில் நடந்த பேச்சும் வேண்டாம்.

ஒரு எழுத்துதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஆறுதலாகச் சொன்னவர்கள் மீது எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் அம்மா தன் பெயரை வாழ்நாள் முழுக்க 'ற' போட்டுத்தான் எழுதினாள். நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள். றோஸ், றாணி, றேஷன் என்று எழுதுகிற நம் ஊர்ப் பழைய ஆட்களின் கை அவளுக்கு. அவளுடைய ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த ற இருக்கிறது. பித்தளைப் பானையின் கழுத்தில் இருக்கிறது. கல்லில் மட்டும் 'ர' என்று வந்துவிட்டது.

ஆதாரில் உள்ளபடிதான் வெட்டினோம் என்றார்கள் கடைக்காரர்கள். ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் ரேஷன் கார்டில் அப்படி மாற்றியது நான். இ-சேவை மையத்தில் பதினோரு வருடமாகப் பெயர்களைத் தட்டச்சு செய்கிறேன். ற-வில் பெயர் தொடங்கினால் தப்பு என்று நினைத்து, கேட்காமலே திருத்திவிடுவேன். அம்மாவுக்கும் அப்படியே செய்தேன். அவள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, நீ படிச்சவ" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்த மயிலாடி அண்ணாச்சி, கல்லில் கையால் எழுத்து வெட்டுகிறவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அவர் எங்களுக்காக வந்தவர் இல்லை. நாலு கல்லறை தள்ளி வேறொரு குடும்பத்துக்குச் சிலுவை நட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டு, எங்களிடம் வந்து கேட்ட முதல் கேள்வி, "மக்களே, அம்மை எப்படி எழுதுவாவ?" இந்த ஒரு வருடத்தில், ஏன் அதற்கு முன்னாலும், அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அப்பா மதிலை விட்டு இறங்கி வந்தார். குனிந்து ஈர மண்ணில் விரலால் ஒரு ற எழுதிக் காட்டினார்.

கருங்கல்லில் வெட்டிய எழுத்தை அழித்து, அதே இடத்தில் இன்னொன்றை வெட்ட முடியாது. பாலிஷ் போய் முகம் பள்ளமாகிவிடும் என்றார். கல்லைப் புரட்டிப் போட்டு, அறுத்த தடம் அப்படியே தெரிகிற பின்பக்கத்தில் புதிதாக வெட்டலாம், மினுங்காது, சம்மதமா என்று கேட்டார். நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள கல். அதைப் புரட்டிய ஆறு பேரும் இதைப் படிப்பீர்கள், உங்கள் கைகளுக்கு நன்றி.

மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து வெட்டினார். எனக்கு அதுவரை கல்வெட்டு என்றால் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் வெட்டி, மணலைப் பீய்ச்சி அடித்து, தங்க நிறப் பெயின்ட் பூசுவது என்றுதான் தெரியும். அவர் வெட்டும்போது எழுத்தின் இரண்டு கரையும் சரிந்து இறங்கி நடுவில் கூடுகின்றன. வெயில் ஒரு பக்கமாக விழும்போது ஒரு கரை நிழலாகிவிடும், அதனால் பெயின்ட் உரிந்து போனாலும் எழுத்து தெரியும் என்று சொன்னார். ற-வின் இரண்டு வளைவுகளுக்கு மட்டும் ஒரு முழுக் காலைப்பொழுது போனது. உளி ஒரு தட்டுக்குக் கடுகளவு கல்லைத்தான் எடுத்தது. தட்டுவார், ஊதுவார், விரல் நகத்தை உள்ளே விட்டுப் பார்ப்பார், மறுபடி தட்டுவார்.

"உதயகிரிக் கோட்டைக்குள்ள டிலனாய் கல்லறையைப் பாத்திருக்கியா மக்களே?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். தக்கலைப் பக்கம் பிறந்தவர்கள் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். சின்ன வயதில் அம்மாதான் கூட்டிப்போய், மறைசாட்சி தேவசகாயம் பிள்ளைக்கு ஆண்டவரைப் பற்றிச் சொன்னவர் இவர் என்று காட்டினாள். டச்சுக் கம்பெனியிலிருந்து வந்து திருவிதாங்கூர்ப் படைத்தளபதியானவர், 1777இல் இறந்தவர். கூரையில்லாத அந்தப் பழைய கோயிலுக்குள் அவருடைய கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. எழுத்து வெட்டப் பழகுகிற பையன்களை அங்கே அழைத்துப் போய்த் தடவிப் பார்க்கச் சொல்வாராம். மயிலாடிக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நாம் எல்லாரும் பெருமையாகப் பகிர்ந்தோம். அந்தப் பெருமை எந்தக் கையில் இருக்கிறது என்று இந்த மூன்று நாளில் பார்த்தேன்.

நவம்பர் 1, மத்தியானம் வேலை முடிந்தது. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்பதால் எனக்கும் விடுமுறை, பக்கத்திலேயே இருந்தேன். அம்மாவின் பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும்தான். வசனம் வெட்ட நேரமில்லை, யாருக்கும் அது குறையாகத் தோன்றவும் இல்லை. கல்லைத் தூக்கிக் கல்லறை மேல் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு மரக்கட்டைகளை வைத்து அதன் மேல் கல்லைக் குப்புறப் போடச் சொன்னார். பழைய பாலிஷ் பக்கம் மேலே வந்தது, அந்த ர-வோடு. உளியை எடுத்து அந்தப் பெயரைச் செதுக்க ஆரம்பித்துவிட்டார்.

அது மண்ணைப் பார்த்துக் கிடக்கப் போகிற பக்கம். இனி எந்தக் கண்ணும் அதைப் பார்க்காது. நேரமாகிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, விட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்று நான்தான் சொன்னேன். நிமிராமலே சொன்னார்: "இந்தப் பக்கம் அம்மைக்க பக்கமில்லா. அவிய பாத்துட்டு கிடக்கப்பட்ட பக்கத்துல தப்பு எழுத்து இருக்கலாமா?"

மழை வந்துவிட்டது. யாரோ நீலத் தார்பாயை எடுத்து வந்து நான்கு மூலையும் பிடித்துக்கொண்டீர்கள். அதன் கீழே ஒன்றரை மணி நேரம். ர போனது, பெயர் போனது, தேதிகளின் தங்கப் பெயின்டும் போனது. கடைசியில் வெள்ளைப் புள்ளிகளாகச் சொரசொரவென்று ஒரு பட்டைதான் மிஞ்சியது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கல் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அழுதார். அழுது முடித்ததும் கட்டன் சாயா கேட்டார். என் தம்பி வளைகுடாவிலிருந்து வீடியோவில் இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான், அவனும் பேசவில்லை.

கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். அப்பா கூடக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார். "வெட்டினதுக்கு வாங்கியாச்சு. அழிச்சதுக்கு என்ன கூலி?" என்றார். மயிலாடி வரை வண்டியில் கொண்டு விடுகிறோம் என்றதற்கும் பஸ் உண்டு என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அண்ணாச்சி, நீங்கள் ஃபோனில் படிக்கிற ஆள் இல்லை என்று சொன்னீர்கள். உங்கள் பேரனிடம் அனுப்பியிருக்கிறேன், வாசித்துக் காட்டுவான்.

மற்றவர்களைத் தனித்தனியாகச் சொன்னால் பக்கம் போதாது. கல்லறை அளவு விஷயத்தில் பங்குப்பேரவையில் பேசி முடித்துக் கொடுத்தவர்கள், ரெண்டு மழை போகட்டும், மண் அமரட்டும் என்று ஆரம்பத்திலேயே கல் வைப்பதைத் தடுத்து நிறுத்திய பெரியப்பா, மூன்று நாளும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்த அன்பியத்து (பங்கின் ஜெபக் குழு) அக்காமார், மழையில் நனைந்து நின்று மந்திரித்த பங்குத்தந்தை, தோவாளையிலிருந்து பிச்சிப்பூ வாங்கி வந்த பிள்ளைகள், எல்லாருக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

இன்று காலை மையத்தைத் திறந்ததும் முதலில் வந்தவர் ஒரு வயதான பாட்டி, பெயர்த் திருத்தம். விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுத்து, உங்கள் பெயரை நீங்கள் எழுதுகிற மாதிரி எழுதிக் காட்டுங்கள் பாட்டி என்று கேட்டேன். எழுத நேரம் பிடித்தது, பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும். இனி என் மேஜையில் அந்தத் தாள் எப்போதும் இருக்கும். இது அம்மாவுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அந்த நீலத் தார்பாயும் இரண்டு கடப்பாரைகளும் எங்கள் திண்ணையில் இருக்கின்றன. தார்பாயைக் கழுவிக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறோம். யாருடையது என்று தெரியவில்லை. உடையவர்கள் தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வரும்போது ஒரு சாயா குடித்துவிட்டுப் போங்கள். அப்பா இப்போது பேசுகிறார்.