நீர்க்கோளப் பாடத்தில் காலத்தையும் சேருங்கள்: புவியியல் பாடநூல் ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் புவியியல் பாடநூல்களை எழுதியும் திருத்தியும் வரும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நீர்க்கோளம் பற்றிய பாடத்தை அடுத்த முறை திருத்த எடுக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டும் என்று, வகுப்பறையில் புவியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். "புவியில் உள்ள நீரில் 97 விழுக்காடு கடல்நீர், 3 விழுக்காடு நன்னீர்" என்ற வரியும் அதன் பக்கத்தில் ஒரு வட்ட விளக்கப்படமும் பல தலைமுறைகளாக நம் மாணவர்களுக்குப் பழகிப் போனவை. அந்த வரியைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு வரும் மாணவர், கடல் உப்பாக இருப்பதாலும் பனி துருவத்தில் கிடப்பதாலும்தான் நமக்குத் தண்ணீர் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த முடிவுதான் தவறு.

முதலில் அளவைப் பார்ப்போம். ரஷ்ய நீரியலாளர் இகோர் ஷிக்லமானோவ் 1993இல் வெளியிட்ட கணக்கே இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதன்படி புவியின் மொத்த நீர் ஏறத்தாழ 138.6 கோடி கன கிலோமீட்டர். அதில் பெருங்கடல்கள் 96.5 விழுக்காடு, நன்னீர் 2.5 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் நூறு வராததைக் கூர்மையான மாணவர் உடனே கேட்பார். எஞ்சிய ஒரு விழுக்காட்டில் ஏறக்குறைய முழுவதும் நிலத்துக்கு அடியில் இருக்கும் உவர்நீர். மண்ணுக்குள் இருக்கும் நீரில் பாதிக்கு மேல் குடிக்க உதவாதது என்ற முக்கியமான செய்தி, 97, 3 என்று முழு எண்களாக்கும்போது காணாமல் போய்விடுகிறது.

நன்னீரின் 3.5 கோடி கன கிலோமீட்டரில் ஏறத்தாழ 69 விழுக்காடு பனிப்பாறைகளிலும் பனிவிரிப்புகளிலும் உள்ளது. அதிலும் பத்தில் ஒன்பது பங்கு அண்டார்டிகாவில் மட்டுமே இருக்கிறது. நிலத்தடி நன்னீர் 30 விழுக்காடு. உலகின் நன்னீர் ஏரிகள் அனைத்தும் சேர்ந்து 91,000 கன கிலோமீட்டர்; அதில் கால் பங்கு சைபீரியாவின் பைக்கால் ஏரி ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது. ஆறுகளில் இருப்பது வெறும் 2,120 கன கிலோமீட்டர். வகுப்பு மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்து, மருந்து அளக்கும் சிரிஞ்சால் இதைக் காட்டலாம். நன்னீர் முழுவதற்கும் 25 மில்லி. நிலத்தடி நன்னீருக்கு அதிலிருந்து ஏழரை மில்லி. ஏரிகளுக்கு ஒரு துளிக்குச் சற்றுக் கூடுதல். ஆறுகளுக்கு வரும்போது அந்தத் துளியையும் முப்பதாகப் பிரிக்க வேண்டும். மருந்து அளக்கும் சிரிஞ்சால் அதை எடுக்க முடியாது.

இத்தனை சிறிய பங்கைக் கொண்ட ஆறுகளை நம்பி மனித நாகரிகம் எப்படி வளர்ந்தது என்ற கேள்வி அப்போது எழும். விடை கையிருப்பில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. எந்த நொடியில் அளந்தாலும் ஆறுகளில் இருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம் கன கிலோமீட்டர்தான் என்றாலும், ஓராண்டில் அவை கடலுக்குக் கொண்டு சேர்ப்பது 40,000 கன கிலோமீட்டருக்கும் மேல். அதாவது ஆற்றுநீர் ஆண்டுக்கு ஏறக்குறைய இருபது முறை புதிதாகிறது. வளிமண்டல ஈரம் சுமார் ஒன்பது நாள்களில் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடுகிறது. கடலில் சேரும் நீர் சராசரியாக 3,000 ஆண்டுகள் அங்கேயே தங்குகிறது. பங்கை மட்டும் காட்டிக் காலத்தைக் காட்டாத படத்தில் ஆறு அற்பமானதாகவும், நிலத்தடி நீர் அள்ள அள்ளக் குறையாததாகவும் தோன்றுகின்றன. உண்மை ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது.

நிலத்தடி நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பாடங்கள் மிகக் குறைவாகப் பேசுவது இதைப் பற்றித்தான். புவி மேலோட்டின் மேல் 2 கிலோமீட்டரில் உள்ள நீரின் வயதை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, கடந்த 50 ஆண்டுகளுக்குள் மழையாக இறங்கிச் சேர்ந்தது அதில் 6 விழுக்காட்டுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. மற்றதெல்லாம் பழைய நீர். எடுத்தால் ஒரு மனித ஆயுளில் திரும்பாது. உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரை இறைக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறத்தாழ 240 கன கிலோமீட்டர் இறைக்கிறோம். 2002க்கும் 2008க்கும் இடையே வடமேற்கு இந்தியா 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்ததைக் கிரேஸ் செயற்கைக்கோள்கள், புவியீர்ப்பில் ஏற்பட்ட நுண்ணிய மாற்றத்தைக் கொண்டே கண்டறிந்தன. தமிழ்நாட்டின் நிலையோ இன்னும் நெருக்கடியானது. மாநிலப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை என்பதால், சிதைந்த மேற்பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும் புழுதி மட்டுமே பறப்பதைக் கண்ட பிள்ளைகளிடம், நிலத்தடியில் ஒரு கோடி கன கிலோமீட்டர் நன்னீர் இருக்கிறது என்று சொன்னால் போதுமா?

கடற்கரைப் பகுதி மாணவர்களுக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் மண்ணுக்குள் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழே உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கிணறுகள் உப்பேறியதும், சுண்ணாம்புப் பாறையின் நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கவலையும் இந்த ஒரு கணக்கால் விளங்கிவிடும். எட்டாம் வகுப்புக் கணிதமே இதற்குப் போதும்.

நீர்ச்சுழற்சிப் படத்தையும் மாற்றி வரையக் கேட்டுக்கொள்கிறேன். பல நாடுகளின் 450க்கும் மேற்பட்ட நீர்ச்சுழற்சிப் படங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அவற்றில் 85 விழுக்காட்டில் மனிதச் செயல்பாட்டுக்கு இடமே இல்லை என்று கண்டது. அணையோ பம்புசெட்டோ இல்லாத மலை, மேகம், ஆறு, கடல் மட்டுமே கொண்ட படத்தில் நம் மாணவர் தம் ஊரை எங்கே தேடுவார்?

புவியின் ஆழத்தில் பெருங்கடல் இருப்பதாக வரும் செய்திகளைப் பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். 2014இல் பிரேசில் வைரம் ஒன்றுக்குள் கிடைத்த, புவியின் ஆழத்தில் உருவாகும் ரிங்வுடைட் என்ற கனிமத்தில் நீர் இருந்தது உண்மை; அது படிக அமைப்பில் பிணைந்த நீரே அன்றி அலையடிக்கும் கடல் அன்று என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆகவே, இருக்கும் அட்டவணையில் நீர் தங்கும் காலத்துக்கு ஒரு நிரலைச் சேருங்கள்; இவை மதிப்பீடுகள் என்பதால் எண்களுக்கு முன் "ஏறத்தாழ" என்று அச்சிடுங்கள். விழுக்காட்டைக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பதிலாகப் பாடத்தின் முடிவில் ஒரு வெற்றுக் கட்டம் கொடுங்கள். தம் தெருவிலோ ஊரிலோ உள்ள கிணறு ஒன்றில் வடகிழக்குப் பருவமழை முடிந்த சனவரியிலும் கோடை உச்சமான மே மாதத்திலும் நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை அடி கீழே இருந்தது என்பதை, ஆசிரியர் துணையோடு அளந்து, மாணவரே அதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்