ஃபயர் டோரைப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் வேலூருக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் இருபது வருடத்துக்கு மேலாகத் தச்சு வேலை செய்கிறேன். வேலூரில் எத்தனையோ லாட்ஜ், கடை, ஆபீஸ் கட்டடங்களில் கதவு மாட்டியிருக்கிறேன். ஆனால் தீயும் புகையும் பரவாமல் தடுக்கிற ஃபயர் டோரை எப்படிப் பார்ப்பது என்று போன மாதம்தான், தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பின்னாலேயே கட்டடம் கட்டடமாக நடந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதும் முதலில் வந்தது பயம்தான். "கதவு இடிக்குது ஆசாரி" என்று கூப்பிட்ட இடத்திலெல்லாம் இழைப்புளியை எடுத்து ஓரத்தை இழைத்துக் கொடுத்தவன் நான்.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடுக்குதான் இருக்க வேண்டும், 4-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்றார் அவர். ஓரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து ஒரு பட்டை பதித்திருப்பார்கள், பார்த்தால் சாதாரண பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், சூடு ஏறினால் அது பொங்கி உப்பி அந்த இடுக்கை அடைத்துவிடும். இடுக்கு அகலமாகிவிட்டாலோ, பட்டை பிய்ந்து போனாலோ, 120 நிமிடம் தாங்கும் என்று லேபிள் ஒட்டிய கதவும் அவ்வளவு நேரம் தாங்கும் என்று நம்ப முடியாது.

பார்க்கும் முறை கஷ்டமே இல்லை. லேபிள் இருக்கிறதா, பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்களா, கீல்களில் எல்லா ஸ்க்ரூவும் இறுகியிருக்கிறதா, கண்ணாடி உடைந்தபோது சாதாரணக் கண்ணாடியைப் போட்டுவிட்டார்களா, இன்டர்நெட் கேபிளுக்காக யாராவது ஓட்டை போட்டார்களா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கதவை முழுக்கத் திறந்து விட வேண்டும், அடுத்து நான்கு விரல் அளவு மட்டும் திறந்து விட வேண்டும். இரண்டு தடவையும் அது தானாகப் போய்த் தாழ் விழ வேண்டும். நாங்கள் பார்த்த கதவுகளில் பல அந்த நான்கு விரலிலேயே நின்றுவிட்டன.

அதைவிட மோசம், செங்கல். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காற்று வரட்டும் என்று படிக்கட்டுக் கதவுக்கு ஒரு செங்கலை முட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வாட்ச்மேனைத் திட்டிப் பயனில்லை, அந்தக் கதவு எதற்கு என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. திறந்தே இருக்க வேண்டிய கதவு என்றால் அலாரம் அடித்ததும் தானாக விடுகிற காந்தப் பிடிப்பான் இருக்கிறது, அதை மாட்டலாம். சிலர் இதற்கு நேர்மாறாகத் திருட்டுக்குப் பயந்து அந்தக் கதவுக்கே பூட்டுப் போடுகிறார்கள். அதுவும் கொலைதான். தீயும் புகையும் போகாதபடி மூடியிருக்க வேண்டும், ஆனால் உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் தள்ளித் திறக்க முடிய வேண்டும். 1997-ல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் வழி அடைபட்டு, மூச்சுத் திணறித்தான் செத்தார்கள். 2011 டிசம்பரில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை மாடிகளுக்கு ஏறி, படுக்கையில் இருந்த நோயாளிகளைக் கொன்றது.

அதை நினைக்கும்போது எனக்கு நம் ஊர் லாட்ஜ்கள்தான் கண்முன் வருகின்றன. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, ஆபரேஷன் முடிந்து, வேகமாக நடக்கக்கூட முடியாமல் மூன்றாவது மாடியில் தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர். ராத்திரி இரண்டு மணிக்குப் புகை வந்தால், நம் மொழியும் தெரியாமல், வழியும் தெரியாமல் அவர்கள் என்ன செய்வார்கள்?

இதைக் கற்க எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய வட ஆற்காடு முழுக்க, ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகள் வரை, கதவு வேலை தெரிந்த தச்சர்களும் வெல்டர்களும் இருக்கிறோம். ஐ.டி.ஐ.க்களில் இதற்கென்று ஒரு சிறு பயிற்சி வையுங்கள், நாங்கள் வருகிறோம். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கதவுகளைச் சோதித்த தாளையும் அதிகாரிகள் கேட்கட்டும். ஏப்ரல் 14-ல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பான் பிடித்துக் காட்டுகிறார்கள், மிக நல்லது. அடுத்த முறை அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக் கதவையும் நான்கு விரல் திறந்து விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சர், காட்பாடி