செவ்வாய்க்கிழமை விடியற்காலை பில் ஏன் வரவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை, கோயம்பேட்டில் லாரிகள் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நம் பில்லிங் மென்பொருள் 40 நிமிடம் நின்றுபோனது. துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துச் சமாளித்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். தப்பு எங்களுடையது.

உங்கள் கடைக் கம்ப்யூட்டருக்கும் எங்கள் சர்வருக்கும் நடுவே, வாசல் காவலர் மாதிரி ஒரு திறமூல மென்பொருள் (யாரும் நிரலைத் திறந்து பார்க்கக்கூடிய, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்) இருக்கிறது. திங்கள் இரவு அதன் புதிய பதிப்பைப் போட்டோம். சர்வரின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வரியில் 30 என்று எழுதி வைத்திருந்தோம். பழைய பதிப்பில் அது 30 விநாடி. புதியதில் 30 மில்லி விநாடி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். வெளியீட்டுக் குறிப்பில் ஒரே ஒரு வரியாக இதைச் சொல்லியிருந்தார்கள், நாங்கள் பார்க்கத் தவறிவிட்டோம். சோதனை செய்யாமல் இல்லை. ஆனால் சோதனை சர்வரில் இருந்தது இருபது பொருள்தான், பதில் உடனே வந்துவிட்டது. உங்கள் கணக்கிலோ பல வருடப் பற்று வரவு இருக்கிறது, அதைத் தேடி எடுக்க அந்த நேரம் போதவில்லை. அதனால்தான் லாகின் ஆனது, பில் மட்டும் வரவில்லை.

"சும்மா கிடைக்குதுன்னு இதைப் போட்டீங்களா?" என்று ஒரு அண்ணாச்சி போனில் கேட்டார். நியாயமான கேள்வி. காசு மிச்சம் என்பதற்காக இதை எடுக்கவில்லை, அண்ணாச்சி. கோளாறு வந்தால் நிரலை நாங்களே திறந்து பார்க்கலாம். அன்று காரணம் பிடிபட்டதும் அப்படித்தான்.

இந்த மென்பொருளின் பதிப்பு எண் இன்னும் 0-வில்தான் தொடங்குகிறது. 0 என்றால் எது வேண்டுமானாலும் மாறலாம் என்பது செமான்டிக் வெர்ஷனிங் என்ற பொது விதி. சரி, 1 வரும்வரை பொறுக்கலாமே? சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற மென்பொருள் 2014-ல் வெளிவந்தது, 1.0 ஆனது 2021-ல். நடுவில் 0.12 வந்தபோது அதற்குக் கட்டளை எழுதும் மொழியே மாறியது, பழைய கோப்புகளைத் திருத்த வேண்டியிருந்தது. பல சர்வர்களை ஒன்றாக நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருளில், வெளியிலிருந்து வருவதை உள்ளே அனுப்பும் இன்கிரஸ் என்ற பகுதி 2015 முதல் 2020 வரை பீட்டாவாகவே, அதாவது இறுதியாகாத வடிவிலேயே, இருந்தது. 2021-ல் 1.22 பதிப்பு அந்தப் பழைய பீட்டா வடிவங்களை நீக்கிவிட்டது. அத்தனை வருடமும் ஊர் உலகமே அவற்றை வைத்துத்தான் வேலை பார்த்தது.

ஆகவே இளம் மென்பொருளை வாசலில் மட்டும் வைக்கிறோம். உங்கள் கணக்கு இருப்பது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில். அதன் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம் பராமரிப்பு உண்டு. அன்றைக்கும் யார் கணக்கிலும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டோம்.

பதிப்பு எண்ணை இப்போது பூட்டி வைத்திருக்கிறோம், தானாக எதுவும் மாறாது. புதிய பதிப்பு வந்தால் குறிப்பை இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். பெயர்களை மறைத்து, உங்கள் கணக்கின் அளவுக்கே சோதனைக் கணக்கும் தயார் செய்துவிட்டோம். காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் வரியில் விநாடியா, மில்லி விநாடியா என்ற அலகையும் சேர்த்து எழுதும் வசதி வேண்டும் என்று, நிரலைத் திருத்தி, அதை உருவாக்குபவர்களுக்கே அனுப்பியிருக்கிறோம்.

அப்புறம் நேரம். இரவு என்றால் கடைகள் தூங்கும் என்று நினைத்தது பெரிய பிழை, கோயம்பேடு விழித்திருப்பதே அப்போதுதான். இனி அப்டேட் மதியம் 3 மணிக்கு, முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு. தி.நகர் ஜவுளிக் கடைகளுக்கு ஆடித் தள்ளுபடி முடியும்வரை எதையும் தொடமாட்டோம். மதியம் 3 மணிக்கு உங்களுக்கு லோடு வருகிறது என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தள்ளி வைக்கிறோம்.

அன்புடன்,
பில்லிங் மென்பொருள் குழு
அரும்பாக்கம், சென்னை