பிபிசிக்கு ஒரு திறந்த மடல்: யூரோவிஷன் பாட்டை எங்களிடம் விடுங்கள்

பிபிசியில் யூரோவிஷனுக்குப் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு, பிரிட்டன் சார்பில் போகும் பாட்டை நீங்களே உள்ளுக்குள் தேர்ந்தெடுக்கிறீர்கள். 2025 மே 17 இரவு, சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்த இறுதிச் சுற்றில் நம் பாட்டுக்கு நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. நடுவர்கள் 88 புள்ளி கொடுத்தார்கள். மக்கள் வாக்கில் பூச்சியம். முந்தைய ஆண்டு சுவீடனின் மால்மோவிலும் மக்கள் வாக்கு பூச்சியம்தான். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நடுவர்களும் சேர்ந்தே பூச்சியம் போட்டார்கள்.

அந்த எண்ணை அறிவிக்கும் விதம் இருக்கிறதே, அதுதான் பார்க்க முடியாதது. நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்கள். கேமரா அதற்குள் பாடகரின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். பாடகருக்கும் அந்த நொடியில்தான் தெரியும். ராட்டர்டாமில் நம் பாடகர் ஜேம்ஸ் நியூமன் எழுந்து இரு கைகளையும் உயர்த்தினார். அரங்கமே அவருக்காக ஆரவாரம் செய்தது. பெரிய மனசு. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களின் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஆகவே கேட்கிறேன்: அடுத்த பாட்டை மக்கள் வாக்கில் தேர்ந்தெடுங்கள்.

புள்ளிக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு நாட்டு மக்கள் வாக்கில் முதல் 10 பாட்டுக்குத்தான் புள்ளி. எல்லா நாட்டிலும் 11ஆவதாக வந்தாலும் கையில் பூச்சியம்தான். 'பரவாயில்லை' என்று சொல்ல வைக்கும் பாட்டுக்கு அங்கே இடமில்லை. காசு கொடுத்து வாக்குப் போட ஒருவரை எழுப்புமா இந்தப் பாட்டு என்பதை மூடிய அறைக்குள் இருந்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

2016 முதல் 2019 வரை மக்களிடமும் வாக்குக் கேட்டோமே, 2019இல் கடைசி இடம்தானே கிடைத்தது என்பீர்கள். உண்மை. ஆனால் அந்த ஆண்டு எங்கள் முன் வைத்தது மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் இரண்டு விதமாக. அதுவும் ஒரே இரவில். சுவீடன் தன் பாட்டைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் சனிக்கிழமைகளை ஒதுக்குகிறது. இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழா ஐந்து இரவு நடக்கிறது. 2022இல் பாடகர் சாம் ரைடரை நீங்களே தேர்ந்தெடுத்து இரண்டாம் இடம் வந்தீர்கள், சரி. ஆனால் ஊரடங்குக் காலத்திலேயே டிக்டாக்கில் லட்சக்கணக்கானோர் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஐரோப்பாவுக்கு நம்மைப் பிடிக்காது, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்சிட் கோபம் என்ற சமாதானத்தைத் தயவுசெய்து மறுபடி எடுக்காதீர்கள். அதே ஐரோப்பாதான் பிரெக்சிட்டுக்குப் பிறகு ரைடருக்கு மக்கள் வாக்கில் 183 புள்ளி கொடுத்தது.

2023இல், போரால் நடத்த முடியாத உக்ரைனுக்காக லிவர்பூலில் விழாவை நடத்திக் காட்டினீர்கள். அப்படி ஒரு விழா! நம் பாட்டுக்கு வந்தது 26இல் 25ஆவது இடம். பந்தல் போடத் தெரிந்தவர்களுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தெரியவில்லை. போட்டிக்கு அதிகப் பணம் கட்டும் பெரிய நாடுகளில் ஒன்று என்பதால் அரையிறுதியில் தோற்கும் பயமும் நமக்கில்லை. பணம் கட்டுகிறோம், நேரே இறுதிச் சுற்றுக்குப் போகிறோம், எல்லார் முன்னாலும் பூச்சியம் வாங்குகிறோம். வசதியான ஏற்பாடு.

உங்களை நடத்துவதற்கான டிவி லைசன்ஸுக்கு வருஷாவருஷம் பணம் கட்டுகிறோம்; 2025இல் அது 174.50 பவுண். நாடகம் எடுங்கள், செய்தி போடுங்கள், அதிலெல்லாம் எங்கள் வாக்கைக் கேட்கவில்லை. இது வாக்கு வாங்குவதற்கென்றே போகும் பாட்டு.

மன்னிக்கவும், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பணிவாகவே கேட்கிறேன்: குறைந்தது பத்துப் பாட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள், முடிவு எங்கள் வாக்கில். முடியாது என்றால், பாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார், எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையாவது வெளியிடுங்கள். இந்த ஆண்டு முடிவதற்குள் பதில் வந்தால் நன்றி.

இப்படிக்கு,
லைசன்ஸ் கட்டும் ஒரு லண்டன் தமிழர்