நகச்சொத்தை என்று எழுதும் முன், டாக்டர்களே

எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் கிளினிக் வைத்து நாள் முழுக்க நோயாளி பார்க்கிற டாக்டர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவின் வலது கட்டைவிரலைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் நகத்தின் நடுவில், வேரிலிருந்து நுனிவரை, பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கதவிடுக்கில் மாட்டியிருக்கும் என்று அம்மா விட்டுவிட்டார். கோடு அகலமாகி நகம் பிளக்க ஆரம்பித்ததும் உங்களில் ஒருவரிடம் போனோம். நகச்சொத்தை, பூஞ்சை என்றார். களிம்பு, அப்புறம் மாத்திரை, அப்புறம் வேறு மாத்திரை என்று எட்டு மாதம் ஓடியது. கடைசியில் மரத்துப்போக ஊசி போட்டு நகத்தைப் பிடுங்கினார். அது ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் ரத்தத்தோடு கிடந்ததையும், நர்ஸ் அதைக் குப்பைக்கூடையில் கொட்டியதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன், பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க எனக்கும் அப்போது தெரியாது. ஐந்து மாதத்தில் நகம் திரும்ப வளர்ந்தது. கோடும் கூடவே வந்தது, இந்த முறை நகவேரை ஒட்டிய தோலிலும் கறுப்பு படர்ந்திருந்தது.

அந்தப் படர்வுக்கு ஹட்சின்சன் அடையாளம் என்று பெயர், நகத்தடியில் மெலனோமா என்கிற தோல் புற்று இருக்கலாம் என்று எச்சரிப்பது, நீங்கள் படித்ததுதான். நம் நிறத்து ஆட்களுக்கு நகத்தில் பழுப்புக் கோடு சாதாரணம், பலருக்குப் பல விரல்களில் இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதனாலேயே கண் பழகிப்போகிறது என்பதும் புரிகிறது. ஆனால் வயதான பிறகு, ஒரே ஒரு விரலில், அதுவும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ புதிதாக வந்து 3 மில்லிமீட்டரைத் தாண்டி அகலமாகிற கோடு வேறு கதை. அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்துபோகும், கைநகம் மாதம் 3 மில்லிமீட்டர்போல வளர்கிறது. ஒரு போட்டோ எடுத்து வைத்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்திருந்தாலே அம்மாவின் கோடு நகரவில்லை என்று தெரிந்திருக்கும்.

ரெகே பாடகர் பாப் மார்லிக்கும் 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது இதே மெலனோமாதான், ஃபுட்பால் ஆடி அடிபட்ட விரல் என்று முதலில் நினைத்தார்கள். விரலை எடுக்கச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை, நகத்தையும் நகத்தடியையும் மட்டும் எடுத்துத் தோல் ஒட்டினார்கள். 1981இல் இறந்தார், 36 வயது.

அம்மாவுக்குச் சென்னையில் நகவேரிலிருந்து சதை எடுத்து பயாப்ஸி செய்தார்கள். நல்லவேளை, புற்று மேல்தோலோடு நின்றிருந்தது. நகத்தடிக்கும் எலும்புக்கும் நடுவில் கொழுப்பே கிடையாது, இறங்கினால் நேராக எலும்புதான், அதனால்தான் முன்பெல்லாம் விரலையே வெட்டினார்கள் என்று அங்கே சர்ஜன் படம் வரைந்து காட்டினார். ஆழமாக இறங்கிவிட்டால் இன்றைக்கும் மூட்டோடு எடுக்க வேண்டிவரலாம். அம்மாவுக்கு நகம், நகத்தடி, வேர், சுற்றியுள்ள தோல் எல்லாவற்றையும் எலும்புவரை ஒரே துண்டாகச் செதுக்கி எடுத்துவிட்டு, மேல்கையின் உள்பக்கத் தோலை எடுத்து ஒட்டினார்கள். விரல் முழுசாக இருக்கிறது. நகம் இனி முளைக்காது. சின்ன வெங்காயம் உரிக்க இடது கையைப் பழக்கிக்கொண்டார், பூ மட்டும் இப்போது கட்டுவதில்லை, காம்பைக் கிள்ள அந்த நகம் வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தால் அழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பூஞ்சை மருந்தை ஆரம்பிக்கும் முன் நகத்துணுக்கில் பூஞ்சை இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதுங்கள். நகத்தை ஒட்டி வருஷக்கணக்கில் ஆறாத மரு மாதிரி ஒன்று இருந்தால் அதுவும் செதிள் செல் புற்று என்கிற இன்னொரு தோல் புற்றாக இருக்கலாம், சுட்டுவிட்டு அனுப்பாதீர்கள். கறுப்புக் கோடு சந்தேகமாகப் பட்டால் நீங்களே பிடுங்க வேண்டாம், தோல் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள். வேறு காரணத்துக்கு நகத்தை எடுத்தாலும் எடுத்ததைக் கொட்டாமல், கெடாமல் வைக்கிற ஃபார்மலின் பாட்டிலில் போட்டு எங்கள் கையில் கொடுங்கள். உங்களிடம் லேப் இல்லை, அனுப்ப ஆள் இல்லை என்பது தெரியும். பஸ் ஏறிப் போய் லேபில் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வாங்கி வந்து உங்கள் மேஜையில் வைக்க நாங்கள் இருக்கிறோம்.