தயக்கத்துக்குக் காரணம் உண்டு

ஆசிரியருக்கு,

கைப்பேசிச் செயலிகளுக்கு இருப்பிடத் தகவலைத் தரப் பெண்கள் அதிகம் தயங்குவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். இதற்குத் தொழில்நுட்பப் பழக்கம் போதாததைக் காரணமாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. தகவல் கசிந்தால் ஆணுக்குப் பெரும்பாலும் விளம்பரக் குறுஞ்செய்திதான் வரும். பெண்ணின் வீட்டு வாசலில் ஆளே வந்து நிற்கலாம். என் மகன் வாடகைக் காருக்கு வீட்டு வாசலையே இறங்குமிடமாகக் குறிப்பான். மகள் தெருமுனை மருந்துக்கடையைக் குறித்துவிட்டு, மீதித் தூரம் நடந்து வருவாள். ஒருமுறை இறக்கிவிட்டுப் போன ஓட்டுநர், இரவு 11 மணிக்கு ‘பச்சை கேட் வீடுதானே?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டதிலிருந்து இந்தப் பழக்கம். அதே மகள், ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் காவல்துறையின் காவலன் செயலிக்கு இருப்பிட அனுமதியை யோசிக்காமல் கொடுத்திருக்கிறாள். யாரிடம் போகிறது, எதற்குப் போகிறது என்று தெரிந்தால் பெண்கள் தரத்தான் செய்கிறார்கள்.

குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே ஒப்புதல் பொருந்தும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எனவே, பயணம் முடிந்ததும் பயணியின் எண்ணும் இறங்கிய இடமும் ஓட்டுநரின் செயலியிலிருந்து நீங்கிவிட வேண்டும் என்பதை, வாடகைக் கார் நிறுவனங்களுக்கான உரிம நிபந்தனையிலேயே அரசு சேர்க்கலாம்.

– ஒரு வாசகி, தாம்பரம்